பதினைந்து நாள் வீடு

"கால் பங்குப் பணம் கையில இருந்தா போதுங்க. மீதிக்குப் பார்ட்டி வந்துருவாங்க." வங்கி ஏலச் சொத்துத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் ஏலத்துக்கு வரும் வீடு, மனை, தறிக்கூடம், பனியன் கம்பெனிக் கட்டடம் இவற்றின் பத்திரங்களைப் பார்த்துச் சொல்வதும், வாங்குகிறவர் கூடவே நின்று கிரயச் சான்றிதழ் கைக்கு வரும்வரை முடித்துக்கொடுப்பதும் என் தொழில். பத்திர எழுத்தர் ஒருவரிடம் உதவியாளாக இருந்து ஆவணம் படிக்கக் கற்றுக்கொண்டு இதற்குள் வந்தவன். அந்தக் கால் பங்குப் பாடத்தை நம்பிக் கெட்டவர்களையும், அதை வைத்துப் பிறரைக் கெடுத்தவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பாடத்தின் கணக்கு எளிது. ஏல அறிவிப்பில் ஒரு வீட்டுக்கு ரிசர்வ் பிரைஸ் 50 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். வெளியில் அது 65 லட்சம் போகும். பெரும்பாலும் பத்து சதவீதம், அதாவது 5 லட்சம், முன்வைப்புத் தொகையாகக் கட்டிவிட்டு ஆன்லைனில் ஏலம் கேட்கலாம். ஏலம் நம் பெயருக்கு முடிந்தால் அன்றைக்கோ மறு வேலைநாளுக்குள்ளோ, முன்வைப்புத் தொகையையும் சேர்த்து ஏல விலையில் 25 சதவீதம் கட்டிவிட வேண்டும். மீதி 75 சதவீதத்துக்குப் பதினைந்து நாள். அதற்குள் 60 லட்சத்துக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் பணத்திலேயே வங்கிக்குக் கட்டி முடித்து, வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதை ஹோல்சேலிங் என்ற பெயரில் தனித் தொழிலாகவே நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் 'கை மாத்திவிடறது' என்பார்கள்.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது, அந்தப் பதினைந்து நாளில் வீடு யாருடையது என்பதுதான். 25 சதவீதம் கட்டியவருடையது அல்ல. பலருக்கும் வியப்பாக இருக்கும், வங்கியுடையதும் அல்ல. வங்கிக்கு இருப்பது அடமான உரிமையும், சட்டப்படி விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும் அதிகாரமும். முழுப் பணமும் கட்டி, கிரயச் சான்றிதழ் வரும்வரை பத்திரத்தில் பெயர் கடன் வாங்கியவருடையதுதான். நமக்கு இன்னும் வராத ஒன்றை நாம் விற்கிறோம்.

பதினைந்து நாள் என்பதும் கிளை மேலாளர் பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல. வங்கிக்கு அந்த விற்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒன்பதாவது விதி அதைச் சொல்கிறது. அவகாசம் வேண்டுமென்றால் எழுத்தில் ஒப்புக்கொண்டு நீட்டலாம். எப்படி நீட்டினாலும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. குறித்த நாளில் மீதி வராவிட்டால் கட்டிய பணம் பறிமுதலாகிவிடும், வீடு மறு ஏலத்துக்குப் போகும். பிறகு அது எவ்வளவு விலைக்குப் போனாலும் முதலில் எடுத்தவர் அதில் ஒரு ரூபாய் கேட்க முடியாது.

பீளமேட்டுப் பக்கம் ஒரு வீட்டை இப்படி எடுத்த தம்பி ஒருவர், கெடு முடிகிற சமயத்தில் சாயங்காலமாக என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஏல முடிவு வந்த மின்னஞ்சலின் நகல், பணம் கட்டிய ரசீது, வீட்டின் போட்டோ, கூடவே ஒரு டைரித்தாளில் வரிசையாகப் பெயர்களும் தொகைகளும். அவருடைய அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்தது, மைத்துனர் சீட்டு எடுத்துக் கொடுத்தது, நண்பர்கள் இரண்டு பேர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தது என்று கால் பங்கு சேர்ந்த கதை அந்தத் தாளில் இருந்தது.

"அண்ணா, ஒரு பார்ட்டி மட்டும் பாருங்கண்ணா. எனக்கு லாபமே வேண்டாம். போட்டது வந்தாப் போதும்."

"டைம் கேட்டு லெட்டர் குடுத்தீங்களா தம்பி?"

"மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கேண்ணா. பாத்துக்கலாம்னு சொன்னாருங்க."

"பாத்துக்கலாம்னு எழுதிக் குடுத்தாருங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அப்போதே உட்கார்ந்து கடிதம் எழுதினோம். கிளை மேலாளருக்கு அல்ல, அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்கு. சர்ஃபேசி நடவடிக்கையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குத்தான். பொதுத்துறை வங்கியென்றால் சீஃப் மேனேஜர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். ஏலம் எடுக்கிற பலர் அவரைப் பார்த்ததே இல்லை. கிளையில் காபி கொடுத்து உட்காரவைக்கும் மேலாளர்தான் வங்கி என்று நினைத்துக்கொள்வார்கள். மேலாளர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் வாய்ச்சொல்லுக்கு விதியில் இடம் கிடையாது. கடிதம் போனது, அவகாசம் கிடைக்கவில்லை, பணம் பறிமுதலானது. அந்த டைரித்தாளில் இருந்த ஒருவர்கூட ஏலத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. எல்லோரும் அந்தத் தம்பியைத்தான் கேட்க முடியும், அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை.

நீதிமன்றம் போனால் பாதியாவது வரும் என்று ஒரு பேச்சு எங்கள் தொழிலில் வெகுநாள் இருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தொடர்பான வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போனது. 12 கோடியே 27 லட்சத்துக்கு ஏலம் எடுத்தவர் கால் பங்கு, 3 கோடிக்கு மேல், கட்டியிருந்தார். நீட்டித்த அவகாசத்திலும் மீதியைக் கட்டவில்லை. வங்கி முழுத் தொகையையும் பறிமுதல் செய்தது. மறு ஏலத்தில் அதே சொத்து இன்னும் கூடுதல் விலைக்கே போனதால் வங்கிக்கு நஷ்டமே இல்லை, பிறகு ஏன் பறிமுதல் என்பது எடுத்தவரின் வாதம். சாதாரண ஒப்பந்தமாக இருந்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. இது சட்டவிதி சொல்லும் பறிமுதல், இதை நஷ்டக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கால் பங்கை வைத்துச் சூதாடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டிவிட்டு இறங்கட்டும் என்பேன்.

சரி, பதினைந்து நாளுக்குள் பார்ட்டி கிடைத்துவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். கிரயச் சான்றிதழை அவர் பெயருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். 'நாமினி' என்று ஒரு வார்த்தையைப் போட்டு மனு எழுதுவார்கள். ஏலம் எடுத்தவர் பெயருக்குத்தான் சான்றிதழ், பெயர் மாற்றவோ சேர்க்கவோ முடியாது என்று வங்கிகள் பெரும்பாலும் ஏல நிபந்தனையிலேயே அச்சடித்திருக்கும். அமெரிக்க வங்கிகளும் தாங்கள் விற்கும் வீட்டு ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றக் கூடாது என்றுதான் பொதுவாக எழுதி வாங்குகின்றன. காரணம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். யார் வாங்குகிறார், யார் பணம் வருகிறது என்பது விற்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். கடனைக் கட்டாதவரே இன்னொருவர் பெயரில் மலிவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி, அது தெரியாமல் போகும் இடத்தில்தான் திறக்கிறது. ஒருவர் பணம், இன்னொருவர் பெயர் என்றால் இங்கே பினாமிச் சட்டம் வந்து நிற்கும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அதில் சொத்துப் பறிமுதலோடு ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதமும் உண்டு. பார்ட்டியின் பணத்தில் தன் பெயரில் வீடு எடுத்துக் கொடுக்கும் புரோக்கர் யாரும் தன்னைப் பினாமி என்று நினைத்துக்கொள்வதில்லை. வருமான வரித் துறை அப்படி நினைக்க எல்லா ஆதாரமும் வங்கிக் கணக்கிலேயே இருக்கும்.

நேர்வழி இருக்கிறது. ஏலம் எடுத்தவரே முழுப் பணமும் கட்டி, தன் பெயரில் சான்றிதழ் பதிவு செய்து, பட்டாவும் மாற்றிக்கொண்டு, பிறகு கிரயம் செய்து கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். ஏலச் சான்றிதழுக்கான செலவு அதற்கு முன்னாலேயே போயிருக்கும். இரண்டு வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வழக்கமான வரி விகிதம். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் 'பத்து லட்சம் லாபம்' என்று சொன்ன வீடு பாதிக்கும் கீழே வந்து நிற்கும். குறுக்குவழி தேடுகிறவர்கள் தேடுவது இந்தச் செலவிலிருந்து தப்பத்தான். அரசுக்குச் சேர வேண்டியதில் ஒரு முறையை விழுங்கினால்தான் அந்த வியாபாரம் கட்டுப்படியாகும் என்றால், அது வியாபாரமே இல்லை.

குறுக்குவழியில் அதிகம் அடிபடுகிறவர் கடைசியில் வாங்குகிற குடும்பம். சான்றிதழ் வருமுன்பே அவரிடம் வீட்டைக் காட்டி, விலை பேசி, வெள்ளைத்தாளிலோ 100 ரூபாய் முத்திரைத்தாளிலோ ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குப் போனால் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று வில்லங்கத்தில் தெரிந்துவிடும், அதனால் போக மாட்டார்கள். ரொக்கமாகவே கேட்பார்கள். வீடு நிலத்துக்கு 20 ஆயிரமோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியதற்குச் சமமான தொகையையே அபராதமாகப் போட முடியும். தன்னிடம் இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினால் பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. புகார் வந்த பிறகு "நான் நடுவுல இருந்த ஆளுதானுங்க" என்று சொன்னால் எடுபடாது.

இதற்கு நடுவில் கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பார். டி.ஆர்.டி. எனும் அந்தத் தீர்ப்பாயம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துப் போக அவருக்கு நாற்பத்தைந்து நாள் உரிமை உண்டு. விற்பனை பற்றி அவருக்கு முப்பது நாள் நோட்டீஸ் முறையாகப் போயிருக்க வேண்டும். சுவாதீன அறிவிப்பு இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று தமிழில், வந்திருக்க வேண்டும். இதில் ஓட்டை இருந்தால் ஏலமே ரத்தாகலாம். ரத்தானால் வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஏலம் எடுத்தவருக்கு. அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தவரை வங்கிக்குத் தெரியாது, தீர்ப்பாயத்துக்கும் தெரியாது. 2023 செப்டம்பரில் செலிர் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்பது தெளிவாகிவிட்டது. அதை வைத்து "இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று பார்ட்டிக்குச் சொல்கிறார்கள். மீட்கும் உரிமை முடிவது வேறு, நடைமுறைத் தவறை எதிர்த்து வழக்குப் போடும் உரிமை வேறு. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவரிடம் வீடு வாங்கக் கூடாது.

சொத்தைப் பற்றி மறைக்கும் விஷயங்கள் தனி. 'உள்ளது உள்ளபடி, இருப்பது இருக்கும் இடத்தில்' என்ற நிபந்தனையில் வங்கி விற்கிறது. மின்பாக்கி, சொத்து வரி, குடியிருப்போர் சங்கப் பாக்கி எல்லாம் வாங்குகிறவர் தலையில் விழும். திருப்பூரில் மூடிக்கிடக்கும் பனியன் கம்பெனிக் கட்டடத்தை எடுத்தவர்கள் புது இணைப்பு கேட்டுப் போகும்போதுதான் பழைய முதலாளியின் மின்பாக்கி தெரியவரும். அதை வசூலிக்க மின்வாரிய விதி இடம்கொடுத்தால் ஏலத்தில் வாங்கியவரிடமே கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள மின்வாரிய வழக்கில் சொல்லியிருக்கிறது. அதேபோல வங்கியின் கையில் காகிதச் சுவாதீனம் மட்டும் இருக்கும், உள்ளே ஆள் குடியிருப்பார்கள். அடமானத்துக்கு முன்பே முறையாக வாடகைக்கு வந்தவர் என்றால் எளிதில் கிளப்ப முடியாது. சூலூர், அன்னூர்ப் பக்கம் தோட்டத்து நிலம் ஏலத்துக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு சர்ஃபேசி சட்டம் செல்லாது என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. அடமானங்களைப் பதியும் சர்சாய் பதிவேட்டில் சிறிய கட்டணத்துக்கு வேறு வங்கியின் அடமானம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். கை மாற்றிவிடுகிறவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை. பதினைந்து நாளில் கிளம்பப் போகிறவருக்கு அந்த வீட்டின் மின்பாக்கி எதற்கு?

கூட்டுச் சேர்ந்து விலையை இறக்குவதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஏலத்தில் யாரும் கேட்காவிட்டால் அடுத்த முறை ரிசர்வ் பிரைஸைக் குறைத்து விடுவார்கள். இது தெரிந்த ஏழெட்டுப் பேர் ஒரு வாட்ஸப் குழுவில் பேசிவைத்து, முதல் இரண்டு ஏலத்துக்கும் யாரும் போகாமல் இருந்து, மூன்றாவதில் ஒருவரை மட்டும் கேட்கவைத்து, பிறகு தங்களுக்குள் தனியாக ஏலம் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். முன்பு வங்கி மாடியில் ஏலம் நடந்த காலத்தில் வாசலிலேயே நின்று வருகிறவரைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது பேங்க்நெட் தளத்தில் ஏலம் நடப்பதால் வெளியூர்க்காரர்களும் கேட்கிறார்கள், கூட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டை வெளியூர்க்காரருக்குக் காட்டாமல் தட்டிக்கழிக்க உள்ளூரில் ஓர் ஆள் போதும். போட்டிச் சட்டம் 2002 இதைக் கூட்டு ஏலம் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். மூன்று ஏலத்துக்குள் விலையில் இறங்கிய பத்துப் பன்னிரண்டு லட்சம் யாருடைய பணம்? வங்கிக்குக் கடன் வந்துவிட்டால் போதும். மிச்சம் கடன் வாங்கியவருடையது. சர்ஃபேசி சட்டத்தின் 13-ஆம் பிரிவின் ஏழாவது உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது: விற்ற பணத்தில் செலவும் கடனும் போக மீதம் உரியவருக்குப் போக வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு லேத் பட்டறைக்காரர். கணபதிப் பக்கம் முன்னால் வீடு, பின்னால் பட்டறை. பம்புசெட்டு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். சி.என்.சி. மெஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்திருந்தார். ஆர்டர் நின்றது, தவணை நின்றது. வாங்க விரும்பிய ஒருவரோடு நான் வீடு பார்க்கப் போனபோது கேட்டில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மழையில் நனைந்து கிழிந்த இடத்தை அவரே செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கிழிச்சுட்டேன்னு கேஸ் போட்டுட்டாங்கன்னாங்க?" என்றார். எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, பட்டறையின் கரண்ட் லோடு என்ன, போர் எத்தனை அடி, எந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது என்று எதையும் மறைக்காமல் சொன்னார். என்னோடு வந்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எங்களுக்கு முன்னால் வேறொரு புரோக்கர் வந்துபோயிருந்தார். ரெண்டு லட்சம் தருவதாகவும், சாவியைக் கொடுத்துவிட்டு நாலு வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், ஏலத்தில் தானே எடுத்து ஒரு வருடம் கழித்து இவருக்கே திருப்பி விற்பதாகவும் சொல்லியிருந்தார். கடனைக் கட்டச் சொல்லி சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கடன் வாங்கியவர் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை போகும் குற்றம். அது அந்தப் புரோக்கருக்குத் தெரியும். கையெழுத்துப் போடப்போகிற மனிதருக்குத் தெரியாது.

"பேங்க்ல எவ்வளவு நிக்குதுங்க?" என்று கேட்டேன்.

"வட்டியெல்லாம் சேத்தி நாப்பது லட்சத்துப் பக்கம்ங்க."

"வீடு அறுபதுக்கு மேல போகும்ங்களே. மீதி உங்களுக்கு வரணுமல்லோ?"

அவர் என்னைப் பார்த்தார். "எனக்குங்களா? பேங்க்காரங்க எடுத்துட்டா எல்லாம் அவங்களுதுதானுங்களே?" என்றார். உள்ளே நின்றுகொண்டிருந்த அவர் வீட்டம்மா கதவோரம் வந்து, "அண்ணா, அதை இன்னொருக்காச் சொல்லுங்ண்ணா" என்றார்.

அத்தனை நோட்டீஸ் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. வக்கீல் ஒருவரையும் பார்த்திருக்கிறார்கள். இருபது லட்சத்துக்கு மேல் தங்களுடையது என்ற ஒன்றை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் புரோக்கர் கொடுக்கவந்த ரெண்டு லட்சம் அவர்கள் சொந்தப் பணத்தின் ஒரு துண்டு. அவர் லாபமாக நினைத்ததும் அவர்கள் பணம்தான். ஏலச் சொத்தில் நடுவில் எடுக்கும் வித்தியாசத்தைப் பற்றி அதன் பிறகு எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. கடனை மிஞ்சி விலைபோகும் வீட்டில் அந்த வித்தியாசம் கடனாளியின் மிச்சத்திலிருந்து வருகிறது. மிஞ்சாத வீட்டில் வாங்குகிறவரின் சேமிப்பிலிருந்து வருகிறது.

ஆகவே நான் வித்தியாசம் வாங்குவதில்லை. வாங்குகிறவரிடம் இவ்வளவு கூலி என்று முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறேன், வங்கி மூலமாகவே எடுத்துக்கொள்கிறேன், ரசீது கொடுக்கிறேன். ஏலம் கேட்கும் ஐ.டி. அவர் பெயரில், பணம் அவர் கணக்கிலிருந்து, சான்றிதழ் அவர் பெயரில். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பதையும் அவரே செய்ய வேண்டும். வீட்டுக்கடன் வாங்கித்தான் மீதி கட்டப்போகிறார் என்றால் ஏலத்துக்கு முன்பே அந்தக் கடனுக்கு ஒப்புதல் வாங்கிவைக்கச் சொல்கிறேன். பதினைந்து நாளில் எந்த வங்கியும் புதிதாக ஆரம்பித்துக் கடன் கொடுத்து முடிக்காது. வங்கி ஊழியர், பேனல் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் யாரிடமும் முன்தகவல் கேட்பதில்லை. அறிவிப்பு பொதுவில் வந்த பிறகுதான் என் வேலை ஆரம்பம். இப்படி இருந்தால் தொழில் ஓடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஓடுகிறது. ஒருமுறை வாங்கியவர் தன் தம்பியையும் மச்சானையும் அனுப்புகிறார்.

விற்றுத்தான் கடனை அடைக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பம் என்றால், ஏல அறிவிப்பு வருமுன்பே வங்கியிடம் எழுத்துச் சம்மதம் வாங்கி வெளியில் விற்றுக்கொள்ளச் சொல்கிறேன். ஏலத்தைவிட நல்ல விலை வரும். பணம் நேராக வங்கிக் கடன் கணக்குக்குப் போய், மிச்சம் அவர்கள் கணக்குக்கு வரும். வங்கி தானாகத் தனி விலை பேசி ஒருவருக்கு விற்பதாக இருந்தாலும் கடனாளியின் சம்மதம் வேண்டும் என்று 2014-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கியில் ஆள் தெரியும், தனியாக முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் புரோக்கரை அந்தத் தீர்ப்பை வைத்துக் கேட்கலாம்.

கடனாளிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் அவர் வழக்குப் போட்டு நம் பார்ட்டியைச் சிக்கலில் விடமாட்டாரா என்று சக தொழில்காரர்கள் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, தனக்கு வரவேண்டியது வரும் என்று தெரிந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எதுவும் வராது என்று நம்புகிறவர்தான் கடைசிவரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லேத் பட்டறைக்காரர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஏலத்தில் நாலு பேர் கேட்டார்கள், என்னோடு வந்தவருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவர் கூடுதலாகக் கேட்டு எடுத்தார். அதன் பிறகு பட்டறைக்காரர் சார்பில் அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம்: ஏல விலை எவ்வளவு, கடனுக்கும் வட்டிக்கும் எடுத்தது எவ்வளவு, நோட்டீஸ், விளம்பரம், மதிப்பீடு என்று செலவில் எழுதியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் என் கணக்குக்கு வரும் என்று ஐந்து கேள்வி. கூடவே ரத்து செய்த காசோலையின் நகல். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தின் நகலை மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பி, பதில் இல்லையென்றால் டி.ஆர்.டி.யில் மனுப் போடுவோம் என்று எழுதினோம். கணக்கு வந்தது, பிறகு பணமும் வந்தது. அந்தக் கடிதத்தின் மாதிரியை என் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ஏலத்தில் வீட்டை இழந்தவர் யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கிறேன்.